சாணுக்கும் முழத்துக்கும் நடுவில்

போர்த்துகலின் தென்கோடித் தீவு அது.
எல்லா வீடுகளுக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு,
கணுக்கால் உயரத்தில் நீலப் பட்டை.
மழை தெறித்த சேறு தெரியாதிருக்க
யாரோ எப்போதோ தொடங்கியது.
கரைவேட்டி கட்டிய வீடுகள் என்று
வந்த அன்று நினைத்துக்கொண்டேன்.

சுல்மீரா அந்தக் கரையை உயர்த்த வந்தவள்.
எதுவரை என்று சொல்ல வந்தவன் வால்டெமார்.
ஓதம் அளப்பவன்.
படகுத்துறைத் தூணில் பதினோரு ஆண்டாக
ஒரு கருவியைக் கட்டி வைத்திருக்கிறான்.
அதில் பாசி வழிப்பதுதான்
முக்கால்வாசி விஞ்ஞானம் என்பான்.
நான் வாளி தூக்க வந்தேன்.

முதல் சுவர் தேவொலிந்தாவுடையது.
சுல்மீரா தூரிகையை நனைத்தாள்.
எங்கே?
இங்கிருந்து, என்று முழங்காலுக்குக் கீழே தொட்டான்.
இதுவரை, என்று இடுப்பைத் தொட்டான்.
நான் ஒரு கோடு கேட்டேன்.
என்னிடம் கோடு இல்லை.
கடல் ஒரு உயரத்தில்தானே வந்து நிற்கும்?
நிற்கும். எந்த உயரம் என்பது
இன்னும் எரிக்காத எண்ணெயிடம் இருக்கிறது.

சாயம் சொட்டி
மணலில் நாலு நீலக் காசு.

அன்று முழுக்கச் சண்டை.
புகை மாதிரி மங்கலாய்ப் பூசினால்
யாருக்கு உறைக்கும் என்றாள்.
கத்தி மாதிரிக் கோடு போட்டால்
அது பொய் என்றான்.
அந்தப் பொய்க்கு நான் பொறுப்பு.
கீழே என் பெயரும் இருக்குமே.
மத்தி சுட்டுக்கொண்டிருந்த கடைக்காரர்
இருவருக்கும் நடுவில் தட்டை வைத்து
முள் இருக்கிறது, பேசாமல் தின்னுங்கள் என்றார்.

சும்மா இருந்திருக்கலாம் நான்.
தலைக்கு மேலே வெள்ளம் போனால்
சாண் என்ன, முழம் என்ன
என்று எங்கள் ஊரில் சொல்வார்கள் என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.

தேவொலிந்தா எங்களை உள்ளே கூப்பிட்டாள்.
தரையில் கையை ஊன்றிச் சுவரில் விரித்தாள்.
ஒரு சாண் வந்தால் கட்டில் கால் நனையும்,
காய வைத்துக்கொள்வேன்.
ஒரு முழம் வந்தால், இதோ.
மின்சாரத் துளை.
அதில் செருகிய இயந்திரம்
மெல்லிய குழாய் வழியே
அவள் கணவருக்கு மூச்சு அனுப்பிக்கொண்டிருந்தது.
அவர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

என் பழமொழியை நான்
மறுபடி அந்தத் தீவில் சொல்லவில்லை.

இரவு சுல்மீரா கேட்டாள்:
உன் கணினி எத்தனை முறை கணக்குப் போட்டது?
நூறு.
அப்படியானால் நூறு இழுப்பு.
ஒவ்வொரு விடைக்கும் ஒன்று,
அதனதன் உயரத்தில்.

மறுநாள் அவன் எண்களை வாசித்தான்,
அவள் இழுத்தாள்.
முழங்காலருகே நீலத்தின் மேல் நீலம் ஏறி
கறுத்துப்போனது சுவர்.
தொடைக்கு மேலே இழைகள் விலகின.
இடுப்பில் மூன்று, நான்கு.
தொண்ணூற்றொன்பதோடு அவன்
தாளை மடித்தான்.

நூறாவது?
விலக்கிவிடலாம். அது தனியாய் நிற்கிறது.
பொய் கூடாது என்றவன் யார்?

வெகுநேரம் நின்றான்.
பிறகு தூரிகையை அவனே வாங்கி
தன் மார்பளவில்
சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை
நடந்தான்.
கை நடுங்கியது கோட்டில் தெரிகிறது.

முப்பத்திரண்டு வீடுகள் முடித்தோம்.
வீட்டை விற்க இருந்த எவுசேபியோ
இரவோடு இரவாய்ச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்.
அவர் மேல் யாருக்கும் கோபமில்லை.
படகில் வந்தவர்கள் படம் எடுத்தார்கள்,
அழகாயிருக்கிறது என்றார்கள்.
சுல்மீராவுக்கு அதுதான் வலித்தது.

தேவொலிந்தா எதுவும் சொல்லவில்லை.
அடுத்த வாரம் மின்பணியாள் ஒருவரை
அக்கரையிலிருந்து வரவழைத்தாள்.
துளை ஒரு முழம் மேலே ஏறியது.

வெளியே போய் நான் அளந்து பார்த்தேன்.
நடுங்கிய அந்த ஒற்றைக் கோட்டுக்கு
இன்னும் ஒரு சாண் கீழேதான்.